வைகையில் இறங்கிய கலமர் கப்பல்

காலை வெயிலில் வைகை இரு கரை தொட்டு ஓடுகிறது. ஒரு காலத்தில் கடல் கடந்து மிளகு விற்ற கலமர் குலத்தார், மதுரையில் குடியேறியபின் திருவிழாதோறும் மரக்கப்பலைத் தெருவில்தான் இழுத்தார்கள். இன்று முதன்முறையாக ஒரு புதுக்கப்பலை ஆற்றில் இறக்குகிறார்கள். அதைச் செய்த நாகஜோதியே சுக்கானைப் பிடித்து நிற்கிறாள். "முங்கப்போகுது, எறங்கிரு தாயி!" என்று கரையிலிருந்து அவள் மாமன் வெள்ளைத்துரை கத்துகிறார். நீரோட்டத்தில் கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது. அவள் சுக்கானை உடம்போடு அணைத்துத் திருப்புகிறாள். கப்பல் நிமிர்கிறது. மஞ்சள் பாய் படாரென்று விரிந்து காற்றில் புடைக்கிறது. கடலையே பார்த்திராத கலமர் பெண்கள் கரையெங்கும் குலவையிடுகிறார்கள். "மாமா, மெதக்குது! ஏறுறீகளா?" வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறார்.