இன்னும் ஒரு வாரம்

கரும்போடு சேர்த்து ஆள்காட்டி விரலையும் உருளைகளுக்கு அருகே கொண்டுபோன கப்ரியேல், கடைசி நேரத்தில் கையை இழுத்துக்கொண்டான்.

"வேணாம் ஒடெட். இன்னும் ஒரு வாரம் பாத்துடுவோம்."

தங்கை சாறு பிழியும் இயந்திரத்தின் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

நண்பகல். சைகோன் நகரத்தின் பென்தான் சந்தைப் பின்வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாறு பிழியும்போது விரல் மாட்டிக்கொண்டது என்று சொல்வதற்கு நாலு பேர் பார்த்திருக்க வேண்டும்.

கம்போடியச் சண்டைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மேல்படிப்பில் இடம் கிடைத்தவர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். கணிதத்தில் பட்டம் முடித்திருந்த கப்ரியேல் மழைக்காலம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தான். பதில் வரவில்லை. ஆள் பிடிப்பவர்கள் பக்கத்துத் தெருவரை வந்துவிட்டார்கள்.

வேறு வழிகளையும் யோசித்துப் பார்த்தாயிற்று. படகேறித் தப்பிப் போகக் கூலியாகக் கொடுக்க வீட்டில் தங்கம் இல்லை. காரைக்காலிலிருந்து வந்த அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பட்டாளத் தாள்கள் இருந்திருந்தால் எல்லோரும் பிரான்சுக்கு விமானமே ஏறியிருக்கலாம். சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த வாரத்தில் பயந்துபோய் அவற்றை அடுப்பில் போட்டுவிட்டார்.

நகரத்துக்கு வெளியே கூச்சி என்ற ஊரில் அம்மாவின் உறவினர்கள் அவனை ஒளித்துவைப்பதாகச் சொன்னார்கள். அங்கே போய்க் கொஞ்ச நாள் நாற்று நட்டான். வரப்பில் உட்கார்ந்து குச்சியால் சேற்றில் கணக்குப் போடுகிறவனைப் பற்றி ஊரார் பேச ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டான். சிக்லோ என்னும் மூன்று சக்கர வண்டி மிதிக்கலாம், தங்கையோடு சேர்ந்து சாறு விற்கலாம். ஆனால் தெருவில் நிற்பவனைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

துப்பாக்கி விசையை இழுக்க விரல் இல்லாதவனை எடுக்க மாட்டார்கள் என்று முதலில் சொன்னது அவன்தான். சிரித்துக்கொண்டே சொன்னான். ஒடெட் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் பதில் வந்துடும்னு தோணுது," என்றான் இப்போது. தமிழில்தான் பேசினான். சுற்றி நின்றவர்களுக்குப் புரியாமல் பேச அவர்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

"வராது அண்ணே," என்றாள் ஒடெட்.

அவன் கரும்பைக் கீழே வைக்கக் குனிந்தான்.

அவள் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். விளையாடுகிறாள் என்று அவன் நினைத்த அந்த ஒரு கணத்தில் விரலை உருளைகளின் வாயில் திணித்து, சக்கரத்தின் மீது உடம்பு முழுவதையும் சாய்த்தாள்.

எலும்பு நொறுங்கியது கரும்பு நொறுங்குவது போலத்தான் கேட்டது.

கப்ரியேல் அலறினான். இடது கையால் அவள் கண்ணில் குத்தினான். முடியைப் பிடித்து இழுத்தான். தோளைக் கடித்தான். அவள் மணிக்கட்டை விடவில்லை. சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றியது.

கண்ணாடித் தம்ளரில் வடிந்துகொண்டிருந்த சாறு சிவந்தது. அதற்காகக் கை நீட்டி நின்ற பெண் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். யாரோ பாய்ந்து வந்து சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினார்கள். வெளியே வந்ததில் விரல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சக்கையோடு சக்கையாக ஏதோ தொங்கியது.

பார்த்தவர்களுக்கு அவள் அண்ணன் கையை விடுவிக்கப் போராடியதாகவே பட்டது. அந்த வட்டார அதிகாரியிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

மருத்துவமனையில் மிச்சத்தையும் வெட்டி எடுத்தார்கள். மரத்துப்போகப் போட்ட மருந்து போதவில்லை. துள்ளியவனை நாலைந்து பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அதில் ஒருத்தி ஒடெட்.

மறுநாள் பிற்பகல் அமீர் அலி வந்தார். டோங் டு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர். பல்கலைக்கழகக் கணிதத் துறை அலுவலகத்தில் எடுபிடி வேலை. கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு எடம் கெடச்சிருச்சு தம்பி," என்றார். "முந்தாநாளே ஒடெட்கிட்ட சொன்னேன்."

கப்ரியேல் தங்கையைப் பார்த்தான். வீங்கி மூடிய ஒரு கண்ணோடு அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

பீங்கான் கோப்பையை எடுத்து அவள் முகத்தில் வீசினான். நெற்றி பிளந்தது. எழுந்து அவள் கழுத்தைப் பிடித்தான். ஒரு கையால் நெரிக்க முடியவில்லை. கட்டுப்போட்ட கையையும் சேர்த்து அழுத்தினான். கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது. அவள் அவனைத் தள்ளவில்லை. கஞ்சி சிந்தாதபடி கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

அமீர் அலி பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்து இழுத்தார்.

"முழுசாக் கேளு தம்பி. இனிமே படிப்புக்கு வெலக்கு இல்லன்னு எங்க ஆபீசுக்கு உத்தரவு வந்துருச்சு. இன்னிக்குக் காலைல எடம் கெடச்ச புள்ளைங்கள எல்லாம் கையெழுத்துப் போட வரச்சொன்னாங்க. போட்டுட்டு வெளிய வந்தவங்கள அப்படியே லாரில ஏத்திட்டாங்க. அப்படி நடக்கும்னு அன்னிக்கே இந்தப் புள்ளக்கிட்ட சொன்னேன். ஒன்கிட்டயும் சொல்லிடலாம்னேன்."

கப்ரியேலின் கைகள் தளர்ந்தன.

ஒடெட் இருமினாள். சட்டைக் கையால் நெற்றி ரத்தத்தைத் துடைத்தாள்.

"சொன்னா நீ லாரிய நம்பியிருக்க மாட்டே," என்றாள். "எடம் கெடச்சத மட்டும்தான் நம்பியிருப்பே."

கப்ரியேல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"லாரில யார் யாரு மாமா?" என்று கேட்டான்.

காலையில் அதிகாரி உரக்க அழைத்த வரிசையிலேயே அமீர் அலி பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் அவனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

அவன் பெயர் வரவேண்டிய இடம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அடுத்த பெயரைச் சொன்னார்.