முதுகு காட்டிய பாறைகள்

நர்ஸும் அவளுடைய உயிர்த்தோழியும் மூச்சிரைக்க மலைமுகட்டை எட்டினார்கள். எதிரே முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு பாறைகள் நின்றன.

“சண்டை போட்ட ராஜாக்கள்மா. சாபத்துல கல்லாயிட்டாங்க,” என்றார் வழிகாட்டி.

“ராஜாவாவது மண்ணாவது!” என்று தோழி சிரித்தாள். “புருஷன் பொண்டாட்டிண்ணே! அவன் குறட்டை தாங்காம அவ திரும்பிப் படுத்துட்டா. விடிஞ்சு பார்த்தா ரெண்டு பேரும் கல்லு!”

“நான் பொறந்து வளர்ந்ததே இங்கதான். இந்தக் கதையக் கேட்டதே இல்லையேம்மா!” என்று வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

நர்ஸ் தோழியின் பக்கம் திரும்பினாள்.

“யாருடி சொன்னா?”

“எங்கயோ... படிச்சேன்.”

“கல்யாணமான புதுசுல, இதே இடத்துல, என் வீட்டுக்காரர் எனக்காக இட்டுக்கட்டின கதைடி. வெளியில சொன்னா தன் மானம் போயிடும்னு சத்தியம்கூட வாங்கினார்.”

தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் கேட்டாள்: “அவர் குறட்டை உன் தூக்கத்தையும் கெடுக்குதாடி?”