இரவல் போன்

"செவந்தியக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அண்ணன் போக்கு ஒண்ணும் சரியில்ல."

பூ கமிஷன் கடையில் வேலை பார்க்கும் அன்புச்செல்வி, வாசலில் வண்டியை நிறுத்திய கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன், என்ன பண்ணுனாரு?"

"நாலு நாளா மார்க்கெட்டுக்குப் பூ கொண்டாற ஆளுக போனையெல்லாம் வாங்குறாரு. வாங்கிக்கிட்டு அங்கிட்டு ஒதுங்கிப் போயி என்னமோ நோண்டுறாரு. என்னண்ணேன்னு கேட்டா சிரிக்கிறாரு. பொம்பளைக போனையும் விடலக்கா."

செவந்தி புருஷனை நினைத்துக் குழம்பினாள். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், சட்டைப் பையில் சொந்த போன் இருக்கையில் ஊரான் போனில் அப்படி என்னத்தைப் பார்ப்பார்?

உள்ளே லாப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மகள் சுகுணாவுக்கும் எல்லாம் காதில் விழுந்தது. அவளுக்கு ஏற்கெனவே தலைவலி.

சுகுணா டெக்னிக்கல் ரைட்டர். மெஷினை எப்படி ஓட்டணும், நின்னுபோனா என்ன செய்யணும் என்று கம்பெனி வெப்சைட்டுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. செவந்தி இதை ஊரில், "மெஷினுக்கு லெட்டர் எழுதுறா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

முதல் வேலையாக அவளுக்கு வாய்த்தது, கனடாவில் வாசலில் குமியும் பனியை வாரித் தள்ளுகிற மெஷின். சுகுணா கண்ணால் கண்ட பனிக்கட்டியெல்லாம் மீன் பெட்டியில் இருந்ததுதான். இருந்தாலும் ஆறு மாசம் மாங்கு மாங்கென்று படித்து எழுதினாள். அந்தப் பக்கத்தின் அடியில், 'இது உதவியதா?' என்று ஒரு கட்டைவிரல் படம். வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு பேர் அதை அமுக்கினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமை வரை அமுக்கியது ஒன்பது பேர். சித்திரை பிறந்துவிட்டது, கனடாவிலேயே பனி உருகிப் போயாச்சு. மெஷினைப் போர்த்தி மூலையில் வைத்தவன் எதுக்கு இதைத் திறந்து பார்க்கப் போகிறான்?

"மிச்சப் பேருக்கு நான் எங்கிட்டுப் போவேன்?" என்று தட்டு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அப்பா நாகராசு ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டுமே, ம்ஹும்.

இன்றைக்கு வெள்ளி. இந்த லட்சணத்தில் அப்பா மேல் புகார் வேறு.

மத்தியானம் நாகராசு வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் ஒரு புது போன்.

"யாரு போனுப்பா இது?"

"ஆலங்குடி பஸ் கண்டக்டரோடது. ஸ்டாண்டுல நெட்டு கெடைக்கல. வண்டி எடுக்குறதுக்குள்ள குடுத்துரணும்."

சுகுணாவுக்கு வந்ததே கோபம்.

"வெக்கமா இல்லயாப்பா ஒங்களுக்கு? ஊரே சிரிக்குது. எனக்கு வேலை போகப் போகுது, ஒங்களுக்கு அடுத்தவன் போன்ல என்ன வேடிக்கை வேண்டிக்கெடக்கு?"

"முடிஞ்சிருச்சு தாயி, குடுத்துட்டு வந்துர்றேன்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

அதற்குள் சுகுணாவின் போன் அடித்தது. மேனேஜர். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகுணா, வாழ்த்துகள். மொத்தம் இருநூத்தி இருபத்திரெண்டு பேர் அமுக்கியிருக்காங்க. உங்க வேலை பெர்மனென்ட்."

"ரொம்ப நன்றி சார்!" என்றாள் சுகுணா.

"ஒரே ஒரு சந்தேகம். அந்த ஒன்பது பேரைத் தவிர பாக்கி எல்லாமே கீரமங்கலம்னு காட்டுது. உங்க ஊருதானே அது?"

அவள் மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி இருபத்தி மூணுல்ல வரணும்?" என்றார் ரகசியமாக. "கண்டக்டரோடது ஏறலயோ?"

வெயிலில் அலைந்து கருத்த முகம், முதுகோடு ஒட்டிக் கிடந்த சட்டை. இவரையா அப்படிப் பேசினோம்!

"ஹலோ, இருக்கீங்களா? நான் சென்னையைத் தாண்டாதவன்மா, அதான் கேக்குறேன். உங்க ஊர்ல அவ்வளவா பனி கொட்டுது?"

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா சார். இந்த வருஷம் கொஞ்சம் ஜாஸ்திதான்."