இடிமாறனைத் திருடியவர்

வக்கீல் நோட்டீஸ் தபாலில் வரும் என்றுதான் லூர்துராஜ் இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தார். இப்படி ஒரு பெண் ஃபைலும் கையுமாக எஸ்டேட் ஆபீசுக்கே வந்து எதிரில் உட்காருவாள் என்று நினைக்கவில்லை.

"என் பேரு வெண்ணிலா. இடிமாறன் படக்கதையை முதல்ல வரைஞ்சவரோட மக. அதோட மீதியை வரைஞ்சு இன்டர்நெட்ல போட்டது நீங்கதானே? அப்பா உங்களை ரொம்ப நாள் தேடினார்."

பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்ததிலிருந்து, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வேலை லூர்துராஜைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருந்தது. பயப்படக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

"நாந்தானுங்க. இதுல ஒளிக்க என்ன இருக்குது? நானும் சிவக்குமாருன்னு ஒரு சிநேகிதனும். தப்புன்னு தெரிஞ்சே செஞ்சதுங்க."

இடிமாறனை ஒரு பாறை முகட்டில் கயிற்றோடு தொங்கவிட்டுவிட்டு, பத்திரிகையில் வந்துகொண்டிருந்த அந்தத் தொடர் திடீரென்று நின்றுபோயிருந்தது. காலேஜ் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மீதியை நாமே வரைந்துவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

லூர்துராஜ் படம், சிவக்குமார் வசனம். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க இருவருக்கும் தெரியாது. வசனத்தையும் கையாலேயே எழுதிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து சேலம் இறங்கி, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றுவார்கள். ஒரு பக்கம் திரையில் முழுசாகத் தெரிவதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் 'லூர்து-சிவா, ஏற்காடு' என்று வேறு பெரிதாகப் போட்டார்கள். திருடின இடத்தில் பேரையும் ஊரையும் எழுதிவைத்த மகா திருடர்கள்.

"முப்பத்தொரு பக்கத்தோட ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் வெண்ணிலா. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"பாக்கறவங்க கருத்து எழுதறதுக்குன்னு கெஸ்ட் புக்கு ஒண்ணு வெச்சிருந்தோமுங்க. அதுல குப்பை குப்பையா வர ஆரம்பிச்சுது. இங்கிலீசு எழுத்து, கேள்விக்குறி, கோடு எல்லாம் கலந்து. பக்கம் போட்ட ஒவ்வொரு தடவையும் வந்துருமுங்க."

"என்னன்னு நினைச்சீங்க?"

"சென்டர்காரரு, உங்களை யாரோ மோப்பம் புடிச்சுட்டாங்க, வைரஸ் உட்டுப் பாக்கறாங்கன்னாரு. உங்கப்பாவோட ஆளுகதான்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். அவரு சொத்தை எடுத்தா சும்மா உடுவாருங்களா? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஊடு வந்து சேந்தோமுங்க."

அதற்குப் பிறகு லூர்துராஜ் பென்சிலைத் தொடவில்லை. மகள் ஸ்டெஃபி சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு யானை வரைந்து தரச் சொன்னாள்; எனக்கு வராது கண்ணு என்று சொல்லிவிட்டார். இடிமாறனைத் திருடியதைவிட அந்தப் பொய்தான் அவரை இன்னும் உறுத்துகிறது.

வெண்ணிலா ஃபைலிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா போன மாசம் தவறிட்டார். பீரோவைச் சுத்தம் பண்ணும்போது இது கிடைச்சது. உங்க கெஸ்ட் புக்குல எழுதினதை எல்லாம் ஒண்ணுவிடாம பிரிண்ட் எடுத்து வச்சிருக்கார்."

"அந்தக் குப்பை அவரு எழுதுனதுங்களா?"

"சுத்தமான தமிழ்லதாங்க எழுதியிருக்கார். அவர் கம்ப்யூட்டர்ல இருந்த தமிழ் ஃபாண்ட் அந்த சென்டர்ல இருந்திருக்காது. ஃபாண்ட் இல்லைன்னா அப்போ எல்லாம் அப்படித்தான் தெரியும்."

லூர்துராஜ் கண்ணாடிக்காகச் சட்டைப் பையைத் துழாவினார். இத்தனை வருஷமாகப் படிக்காமல் தப்பித்த வசவை எல்லாம் இன்றைக்கு ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால் இன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் தோன்றியது.

"கண்ணாடி கொண்டாரலீங்க. நொம்பத் திட்டியிருக்காருங்களா? பரவாயில்லீங்க, நீங்களே படிச்சுருங்க."

வெண்ணிலா கடைசித் தாளை எடுத்தாள். அதைப் பலமுறை படித்தவள் என்பது அவள் தாளைப் பார்க்காமலே ஆரம்பித்ததில் தெரிந்தது.

"'தம்பிகளா, பக்கவாதத்தில் வலது கை விளங்காமல் போய்விட்டது. அதனால்தான் பாதியில் நிறுத்தினேன். மீதியை நீங்களே வரையுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? இடிமாறன் இனி உங்கள் பிள்ளை.'"