வண்டி நகராது

"வழியை விடும்மா. உன் புருஷன் உயிரோட விளையாடறே."

லிப்ட் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள் அவள். எதிரே தள்ளுவண்டியில் காய்ச்சலோடு கணவர். பஸ் டிரைவர். போன வாரம்தான் குடலில் கொஞ்சம் வெட்டியெடுத்து, மீதியை இணைத்துத் தைத்திருந்தார்கள். தைத்த இடம் கசிந்து உள்ளே சீழ் கட்டிவிட்டது.

"வயித்தத் திறந்து கழுவணும். தியேட்டர் இப்பக் காலியா இருக்கு," என்றார் சர்ஜன்.

"முதல்ல போட்ட தையலே இன்னும் ஆறல டாக்டர். மறுபடி கிழிச்சா தாங்குவாரா? ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசியால குத்தி, குழாய் வச்சு சீழை எடுப்பாங்களே. அதை முதல்ல செய்ங்க."

"அந்த டாக்டர் சாயங்காலம்தான் வருவாரு."

"பிரஷர் நல்லா இருக்குன்னு நர்ஸம்மா இப்பத்தான் சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிக்கறேன்."

அவளுக்கும் பயம்தான். ஆனாலும் நகரவில்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "படிச்சவர் சொன்னாக் கேக்கணும். தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுங்கறாளே," என்றார் ஒருவர்.

சர்ஜன் நோயாளியிடம் குனிந்தார். "நீங்களாவது சொல்லுங்க."

"கல்யாணமான நாள்லேர்ந்து ஹார்ன் அடிச்சுப் பார்த்துட்டேன் சார். நகர மாட்டா."

வேறு வழியில்லாமல் சர்ஜன் போனை எடுத்தார்.

சாயங்காலம் குழாய் டாக்டர் வந்தார். இடுப்போரம் ஓர் ஊசிக்குத்து, மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு பை. அவ்வளவுதான். காய்ச்சல் மெல்ல இறங்கியது. டிரைவர் பசிக்கிறது என்றார்.

ரவுண்ட்ஸ் வந்த சர்ஜனுக்கு மட்டும் இன்னும் சூடு தணியவில்லை.

"எல்லாருக்கும் இது சரிப்படாது. ஏதோ உன் அதிர்ஷ்டம். உன்னைத் தூண்டிவிட்டது யாரு? சொல்லு, சும்மா விட மாட்டேன்."

அவள் குழாய்ப் பையைச் சரியாக மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கதான் டாக்டர்."

"நானா?"

"உங்கப்பாவுக்கும் இதே மாதிரி ஆச்சே, அப்பப் பக்கத்துக் கட்டில்ல எங்க மாமனார். பெரிய டாக்டர் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னாரு. 'குழாய் டாக்டர் வர்ற வரைக்கும் எங்கப்பா வயித்துல யாரும் கத்தி வைக்கக் கூடாது'ன்னு நீங்க இதே லிப்ட் வாசல்ல கையை விரிச்சு நின்னீங்க. அன்னைக்கு ஒருத்தரும் உச்சுக்கொட்டல."