பதினோரு மணித் தண்ணீர்

ஜன்னல் வழியே வரும் பதினோரு மணி வெயில் கட்டிலருகே இருக்கும் டம்ளருக்குள் இறங்கி அசையாமல் நிற்கிறது. தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருக்கிறது. சுவரில் தொங்கும் தண்ணீர்க் கணக்குத் தாளிலோ காலையிலிருந்து மூன்று டிக்குகள் விழுந்திருக்கின்றன. டம்ளரை வைத்த கையோடு டிக் போட்டுவிடுவது இந்த முதியோர் இல்லத்தின் வழக்கம். நர்ஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். தண்ணீர் போதாமல் வந்த சிறுநீர்த் தொற்றில், கட்டிலில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சருக்கு இந்த வருடம் இரண்டு முறை காய்ச்சல் கண்டுவிட்டது. "ஒரு வாய்கூடக் குடிக்கலையே டீச்சர்?" டீச்சர் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரிக்கிறார். "குடிச்சா போகணும். போகணும்னா உங்களைக் கூப்பிடணும். எங்க ஸ்கூல்ல பாத்ரூம் சாவி ஹெட்மாஸ்டர் மேஜையில இருக்கும். எல்லார் எதிர்லயும் போய்க் கேக்கணும். முப்பத்திரண்டு வருஷம், நான் கேட்டதே இல்ல." தலைமாட்டில் அழைப்பு மணியின் ஒயர் சுற்றிய சுற்றுப் பிரியாமல் தொங்குகிறது. நர்ஸ் எழுந்துபோய்க் குளியலறைக் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி நாற்காலியை முட்டுக் கொடுக்கிறாள். உள்ளே ஈரமில்லாத வெள்ளைத் தரை தெரிகிறது. "நீங்க கேக்கவே வேணாம். பன்னிரண்டுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். திரும்ப ரெண்டு மணிக்கு." டீச்சர் கதவைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், டம்ளரை இரு கைகளாலும் எடுக்கிறார். தொண்டை மெல்ல ஏறி இறங்குகிறது. நர்ஸின் பேனா பழக்கதோஷத்தில் தாளை நோக்கிப் போகிறது. பாதியில் டம்ளரை இறக்குகிறார் டீச்சர். "இரும்மா. இன்னும் முடிக்கல. அதுக்குள்ள என்ன டிக்கு?"