சூலூர் டைகருக்குக் கறிச்சோறு

“கண்ட தெருநாய் ரத்தமெல்லாம் எம் பிங்கி மேல படப்படாதுங்க டாக்டர். இப்பவே சொல்லிப்போட்டேன்!”

ராமாமணி போட்ட சத்தத்தில், ஊசிக்குக் காத்திருந்த மற்ற நாய்களே குரைப்பதை நிறுத்திவிட்டன. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் தனபால், சுவரில் இருந்த மாட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

பிங்கி, பொமரேனியன். டி.வி.எஸ். ஃபிஃப்டி ஒன்று உரசிவிட்டுப் போனதில் பின்னங்கால் தோல் உரிந்து மாசக்கணக்காகிறது. மருந்து, பவுடர், கட்டு, எதற்கும் புண் மசியவில்லை. இனியும் ஆறாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் அருண்குமார் சொல்லிவிட்டார். மகள் சண்முகப்பிரியா கல்யாணமாகித் தாராபுரம் போனதிலிருந்து ராமாமணிக்குப் பேச்சுத்துணை அந்த பிங்கிதான்.

“புது வைத்தியமுங்க” என்றார் டாக்டர். “வெளிநாட்டுல மனுசனுக்கே இப்பத்தான் பண்ணிப் பார்க்கறாங்க. ரத்தத்தை மெஷின்ல சுத்தவிட்டா செவப்பு அடியில தங்கிரும். மேல தெளிவா நிக்கறதுல பிளேட்லெட் நெறைய இருக்கும். புண்ணை ஆத்தற சரக்கே அதுதான். அதை எடுத்துக் காயத்து மேல வெச்சுக் கட்டோணும். பிங்கி ரத்தத்துலயே செய்யலாம், ஆனா உண்ணிக் காய்ச்சல் வந்து அதுக்கே ரத்தம் கம்மி. திடமா வேறொரு நாய் வேணுங்க.”

“ஜாதி நாயாப் பாருங்க” என்று முடித்துவிட்டாள் ராமாமணி.

ஜாதி நாய்க்கு எங்கே போவது? தனபாலுக்குத் தெரிந்த ஒரே ஒரு அல்சேஷன்காரர், “என்ற நாய் ரத்தத்தைக் கேக்கறீங்களே, உங்க ரத்தத்தைக் குடுப்பீங்களா?” என்று போனை வைத்துவிட்டார்.

தனபால் வீட்டு கேட்டில் ஒரு செவலை நாய் படுத்துக் கிடக்கும். ராமாமணி தினமும் தண்ணி ஊற்றி விரட்டுவாள். அது ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி அங்கேயே வந்து படுக்கும். மறுநாள் தனபால் பேக்கரி வருக்கியைக் காட்டி அதை ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டாக்டர் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்து, ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணி, “தங்கமான உடம்புங்க” என்றார்.

வீட்டில் தனபால் அளந்தது வேறு.

“சூலூர்ல ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் ஊட்டு நாய். அசல் அல்சேஷன். பேரு டைகர்.”

“அப்படீங்களா! நாம பேசறது அதுக்குப் புரியுமாங்க?”

“எங்க புரியுது? எல்லாம் ஹிந்திதான்.”

“அட சாமி!” என்று வாயில் கை வைத்துக்கொண்டாள் ராமாமணி.

வாரா வாரம் தனபால் முன்னாடியே செவலையைக் கொண்டுபோய் ரத்தம் எடுத்து வைக்க, வைத்தியம் நடந்தது. ஒரு நாள் கட்டைப் பிரித்தால், புண்ணின் ஓரத்தில் ரோஸ் கலரில் புதுத்தோல். ராமாமணி சிரித்தாள், அழுதாள், டாக்டரைக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த உத்தரவு போட்டாள்.

“ஏனுங்க, ரத்தம் குடுத்த சீவனை வெறும் வயித்தோட உட்டா பாவமுங்க. ஆட்டுக்கறி வாங்கியாங்க. காரம் போடாம வேகவெச்சுச் சோத்துல பெசஞ்சு தாரேன். வாரா வாரம் நீங்களே கொண்டுபோய் டைகருக்குக் குடுத்துட்டு வாங்க.”

தனபாலுக்குக் கொலஸ்ட்ரால். வீட்டில் அவருக்குக் கறி வாசமே காட்டுவதில்லை, களியும் கீரையும்தான். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

திருச்சி ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் வேன் நிற்கும். பின்சீட்டிலிருந்து செவலை குதிக்கும். டிபன் கேரியர் திறக்கும். கறி தனபாலுக்கு, சோறும் எலும்பும் செவலைக்கு. பங்காளிகள்கூட இத்தனை சுமுகமாகப் பிரித்துக்கொள்ள மாட்டார்கள்.

“ஜாதி நாய் வேணுமாமா, ஜாதி நாய்! அவ திமிருக்கு நல்லா வேணும்” என்று மென்றுகொண்டே சிரிப்பார் தனபால். செவலை வாலை ஆட்டும்.

பிங்கி நாலு காலையும் ஊன்றி ஓட ஆரம்பித்த பிறகும் கேரியர் போவது நிற்கவில்லை. அன்றைக்கும் தனபால் கேரியரோடு கிளம்பினார். ராமாமணி கேட்டில் வழிமறித்து நின்றாள்.

“சூலூர் வரைக்கும் எதுக்குங்க பெட்ரோலைச் செலவு பண்றீங்க? இங்கியே குடுத்துருங்க.”

“யாருக்கு?”

“உங்க டைகருக்குத்தான்.”

அவள் கை காட்டிய இடத்தில் செவலை படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

“உனக்கு... எப்பப் புள்ள தெரியும்?”

“மொத நாளேங்க. கால்ல முடி வழிச்ச எடத்துல பஞ்சோட வந்து இதே எடத்துல படுத்துச்சு. ரத்தம் குடுத்துப்போட்டும் இந்த ஊட்டு வாசலுக்கே வருதேன்னு பாத்ததும் நெஞ்சு பதக்குன்னு ஆயிப்போச்சுங்க. ஆஸ்பத்திரியில என்ன பேச்சுப் பேசிப்போட்டேன்னு உக்காந்து அழுதேன்.”

“அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல? டைகரு, ஹிந்தின்னு என்னைய அளக்க உட்டு வேடிக்கை பாத்தியா?”

“தெருநாய்க்குன்னு கேட்டா நீங்க ஆட்டுக்கறி வாங்கியாந்திருப்பீங்களா? ஆபீசர் நாயின்னு அளந்துட்டீங்க, இனி வாங்காமத் தப்ப முடியாதுன்னு கம்முனு இருந்தேன்.”

ராமாமணி கேரியரை வாங்கிச் செவலை முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். பிங்கியும் ஓடி வந்து மோந்து பார்த்தது.

“தொவைக்கப் போடற சட்டையில எல்லாம் மொளகுத்தூள் பொட்டலமா இருக்குதே, டைகரு மொளகு தூவித்தான் திம்பாருங்களாக்கும்? இன்னைக்குக் கறி பூராவும் இதுக்குத்தானுங்க. எலும்பு மிஞ்சுனா நீங்க கடிச்சுக்கங்க.”